‘எடை’ சரியாகத் தெரியும் ஜன்னல்: ஒலக்கூரில் ஜிடிகே நிறுவியது

லினக்ஸில் பைத்தான் படிக்கத் தொடங்கும் பிள்ளைகள் பெரும்பாலும் தங்கள் முதல் ஜன்னலை டிகின்டர் என்ற வரைகலை நிரலகத்தில்தான் திறக்கிறார்கள். காரணம் எளிது. பைத்தானின் சொந்த நூலகங்களில் ஒன்று, பாடப் புத்தகத்தில் இருக்கிறது, யூடியூபில் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள். பத்து வரி எழுதினால் ஒரு பெட்டி, ஒரு பொத்தான். ஆங்கிலத்தில் எழுதும்வரை குறையொன்றும் இல்லை. பொத்தானின் மேல் தமிழில் ஒரு சொல் எழுதிப் பாருங்கள், அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

என் அண்ணன் மகள் திண்டிவனத்தில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கிறாள். அண்ணன் விழுப்புரம் மாவட்டம் ஒலக்கூர் சுற்றுவட்டாரத்தில் மல்லாட்டை (நிலக்கடலை), நெல், உளுந்து வாங்கி விற்கிறவர். கணக்கெல்லாம் நீள நோட்டில். அப்பாவுக்கு ஒரு கணக்குப் பெட்டி செய்து தரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெயர், ஊர், விளைபொருள், மூட்டை எண்ணிக்கை, எடை, விலை, மொத்தம், அவ்வளவுதான். டிகின்டரில் செய்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினாள். ‘எடை’ என்ற சொல்லில் இணைக்கொம்பு டகரத்துக்குப் பின்னால் தனியாக நின்றது. ‘பெயர்’ என்பது ‘பயெர்’ என்று படிக்கும்படி இருந்தது. ‘மொத்தம்’ என்பதில் மகரம் ஒரு பக்கம், கொம்பும் காலும் சேர்ந்து இன்னொரு பக்கம்.

“ஃபாண்டை மாத்தினா சரியாயிடுமா அத்தை?”

ஆகாது. இந்தக் கேள்வியைப் பல பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எழுத்துருவை மாற்றி மாற்றி ஒரு நாள் முழுக்கப் போக்கிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அந்தக் கடைசி முடிவுதான் எனக்கு வலிக்கிறது. அண்ணனுக்கு ‘வெயிட்’, ‘டோட்டல்’ எல்லாம் புரியும். ஆனாலும் அவர் ஐம்பது வருடமாக எடை என்றும் மொத்தம் என்றும் எழுதிப் பழகியவர். மகள் செய்து தரும் பெட்டியில் அது அப்படியே இருக்க வேண்டும். அதற்கு வேண்டியது வேறொரு நிரலகம். அதை நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அந்த மெனக்கெடலைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஏன் உடைகிறது என்று பார்த்துவிடுவோம். தெரிந்துகொண்டால் நிறுவுவதில் பாதி பயம் போய்விடும்.

ஒருங்குறியில் தமிழ் எழுத்துகள் நாம் சொல்லும் வரிசையில் சேமிக்கப்படுகின்றன. ‘பெ’ என்றால் முதலில் பகரம், பிறகு எகரக் குறி. ஆனால் கண்ணுக்குத் தெரியும்போது ஒற்றைக்கொம்பு பகரத்துக்கு முன்னால் வரவேண்டும். ‘மொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து கொம்பு இந்தப் பக்கமும் துணைக்கால் அந்தப் பக்கமும் போகவேண்டும். ‘கு’ போன்றவற்றுக்கு முழுவதுமாக வேறு வடிவம். சேமித்த வரிசையைக் கண்ணுக்கான வரிசையாக மாற்றி, சரியான வடிவங்களைத் தேர்ந்தெடுத்து அடுக்கித் தர யாராவது வேண்டும். எழுத்துருக் கோப்பில் அதற்கான விதிகள் மட்டும் இருக்கும். விதியைப் படித்து வேலை செய்வது வேறொரு நிரல். டிகின்டரின் அடியில் இருப்பது டிகே. லினக்ஸில் டிகே 8.6 எழுத்துகளை வரைய எக்ஸ்எஃப்டி என்ற பழைய நூலகத்தை நம்பியிருக்கிறது. அதற்கு இந்த மாற்றி அடுக்கும் வேலை தெரியாது. வந்த வரிசையில் வரைந்துவிட்டுப் போய்விடும். எந்த எழுத்துருவைக் கொடுத்தாலும் அதே கதைதான்.

பழைய பாமினி, டிஸ்கி காலத்தில் வேலை பார்த்தவர்கள் ‘எங்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லையே’ என்பார்கள். உண்மைதான். அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள், கொம்பு முதலில், மெய் பிறகு. வரைவது சுலபம். தேடுவதும் அகர வரிசைப்படுத்துவதும் ஒவ்வொரு குறியாக்கத்துக்கும் தனி வேலை. ஒரு இடத்தில் தட்டியதை இன்னொரு இடத்தில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். 1991-இல் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தும், தமிழ்நாடு அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டையொட்டித்தான். அந்த முடிவு சரியான முடிவு. ஆனால் ஒருங்குறியை ஏற்ற நாளிலிருந்து, வரைகிறவன் தலையில் பாரம் ஏறிவிட்டது. ஆகவே ஒரு வரைகலை நிரலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைக்கும் முதல் சோதனை ‘பெயர்’, ‘எடை’, ‘மொத்தம்’ மூன்றும் சரியாகத் தெரிகின்றனவா என்பதுதான். வேகம், அழகு, புதுமை எல்லாம் அதற்குப் பிறகு.

ஜிடிகே என்ற நிரலகம் அந்தச் சோதனையில் தேறும். அதற்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பல் என்ற இரண்டு மாணவர்கள் கிம்ப் என்ற படத்திருத்தியை எழுதினார்கள். முதலில் மோட்டிஃப் என்ற நிரலகத்தைப் பயன்படுத்தினார்கள். அது கட்டற்ற மென்பொருளாக இல்லை, அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. தாங்களே பொத்தானும் பெட்டியும் எழுதத் தொடங்கியதில் பிறந்தது ஜிடிகே. 1998-இல் 1.0 வந்தது. அப்போது அதற்கும் தமிழ் வராது. 2002 மார்ச்சில் 2.0 வந்தபோது, ஓவன் டெய்லர் முன்னின்று எழுதிய பாங்கோ என்ற நூலகம் அதனுள் வந்தது. உலகத்து எழுத்துகளையெல்லாம் அதனதன் முறைப்படி அடுக்கித் தருவதுதான் பாங்கோவின் வேலை. இன்று அதன் அடியில் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் என்பவர் வளர்த்தெடுத்த அந்த நூலகம்தான் உங்கள் ஆண்ட்ராய்டு போனிலும், பயர்பாக்ஸிலும், குரோமிலும், லிப்ரேஆஃபிஸிலும் தமிழை அடுக்கித் தருகிறது. போனில் வாட்ஸப் செய்தி சரியாகத் தெரிவதற்கும் ஜிடிகே ஜன்னலில் ‘எடை’ சரியாகத் தெரிவதற்கும் காரணம் ஒரே நிரல்.

க்யூட்டி என்ற இன்னொரு நிரலகமும் தமிழைச் சரியாக எழுதும், அதை யாராவது விரும்பினால் நான் தடுக்கமாட்டேன். 1995-இல் நார்வேயிலிருந்து வந்தது, கேடிஈ மேசை முழுக்க அதன்மேல் நிற்கிறது. தொடக்கத்தில் அதன் உரிமம் முழுக் கட்டற்றதாக இல்லாததால்தான் 1997-இல் க்நோம் என்ற மேசைத் திட்டமே பிறந்தது. பிறகு 2000-இல் அதுவும் ஜிபிஎல் உரிமத்துக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கணக்குக்கு வந்தால், பைத்தானிலிருந்து க்யூட்டியைப் பயன்படுத்தும் பைசைட் பொதியைப் பிப் வழியாக இறக்கினால் நூறு எம்பியைத் தாண்டும். ஜிடிகே பாதிக்கு மேல் ஏற்கெனவே கணினிக்குள் இருக்கும். அது எப்படி என்று சொல்கிறேன்.

அண்ணன் மகள் வைத்திருப்பது அவள் அக்காவுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய திட்டம். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. ஒலக்கூர், சாரம், ஆவணிப்பூர் பக்கமெல்லாம் பல வீட்டில் அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறது. பாதிப் பேர் வீட்டில் பீரோ மேல் பையோடு தூங்குகிறது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சி-டாக் சென்னையில் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. பல பிள்ளைகள் அந்தப் பக்கம் ஒருமுறைகூடப் போனதில்லை, யாரும் கூட்டிப்போகாததால். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் ஒரு முழு நிரலாக்கப் பட்டறையே கொடுக்கப்பட்டது. 2025–26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்திருக்கிறார்கள். இந்தமுறை பெட்டியோடு கூட்டிப்போகும் ஆளும் சேர்ந்து வரட்டும் என்பதே என் ஆசை.

பழைய கணினியில் பாஸின் பழைய பதிப்பை அப்படியே வைத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, பொதிகளும் பழையவை. பாஸின் தாய் டெபியன்தான் என்பதால் நாங்கள் டெபியன் 12-ஐ, எக்ஸ்எஃப்சிஈ மேசையோடு நிறுவினோம். 2023 ஜூனில் வெளிவந்த பதிப்பு அது. 2 ஜிபி நினைவகத்தில் எக்ஸ்எஃப்சிஈ நன்றாகவே நகர்கிறது. முக்கியமான விஷயம், எக்ஸ்எஃப்சிஈயே ஜிடிகே 3-இல் எழுதப்பட்டது. கோப்பு மேலாளரைத் திறக்கும்போதே ஜிடிகே ஓடிக்கொண்டிருக்கிறது. நாம் இனி போட வேண்டியது, அந்த நிரலகத்தை நம் நிரலிலிருந்து கூப்பிடுவதற்கான பாலம் மட்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். டெபியனில் ஒரே நிரலகம் பல பொதிகளாகப் பிரிந்து கிடக்கும். முதன்முறை பார்ப்பவர்கள் குழம்பிப்போவது இதில்தான். ‘ஜிடிகே ஏற்கெனவே இருக்கிறது என்கிறீர்கள், ஆனால் கம்பைல் பண்ணினால் கோப்பே இல்லை என்கிறதே’ என்பார்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கு இலையில் சோறு விழுந்தால் போதும்; சமைக்கப் போகிறவருக்குச் சாமான் பட்டியலும் அளவும் தெரியவேண்டும். ஓடும் நிரலுக்கு வேண்டியது லிப்ஜிடிகே என்ற நூலகம் மட்டும். எழுதுகிறவருக்கு அதன் தலைப்புக் கோப்புகள் வேண்டும். அவை பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று முடியும் பொதியில் இருக்கின்றன.

பொதிப் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து, நடுவில் இருக்கும் சிறுகோடுகளை விடாதீர்கள்.

டெர்மினலைத் திறந்து முதலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’. இது எதையும் நிறுவாது, எந்தெந்தப் பொதி எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிக்கும். இதை விட்டுவிட்டு நேரே இன்ஸ்டாலுக்குப் போனால், பட்டியல் பழையதாக இருந்து ‘404’ என்று வந்து நிற்கும். அடுத்து ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ என்று தட்டி, பைத்தான்3-ஜிஐ, ஜிஐஆர்1.2-ஜிடிகே-3.0 என்ற இரண்டு பெயர்களையும் கொடுக்க வேண்டும். பல கணினிகளில் இவை ஏற்கெனவே இருக்கும், ஆப்ட்டே அப்படிச் சொல்லிவிடும்.

இந்த இரண்டும் என்ன என்று அண்ணன் மகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஜிடிகே எழுதப்பட்டது சி மொழியில். அதன் செயற்கூறுகள் என்னென்ன, ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்பதையெல்லாம் கணினி படிக்கும் வடிவில் ஒரு கோப்பாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்புதான் ஜிஐஆர் என்று தொடங்கும் பொதியில் வருகிறது. பைத்தான்3-ஜிஐ அந்தக் கோப்பைப் படித்து, பைத்தானில் நீங்கள் ‘ஜன்னல்’ என்றால் சி-யில் இருக்கும் ஜன்னலைக் கூப்பிடுகிறது. அதனால்தான் ‘ஜிடிகே 3.0 என்ற பெயர்வெளி கிடைக்கவில்லை’ என்று பிழை வந்தால் பதற வேண்டாம். ஜிஐஆர் பொதி விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ‘ஜிஐ என்ற தொகுதியே இல்லை’ என்று வந்தால் விட்டுப்போனது பைத்தான்3-ஜிஐ. பிழைச் செய்தியே விட்டுப்போன பொதியின் பெயரைப் பாதி சொல்லிவிடுகிறது, நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஆப்ட் ‘தொடரலாமா’ என்று கேட்கும்முன் சில வரிகள் காட்டும். எந்தெந்தப் பொதிகள் கூடவே வருகின்றன, எத்தனை எம்பி இறக்க வேண்டும், வட்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். நம் பிள்ளைகள் அதைப் படிக்காமல் ஒய் தட்டிவிடுகிறார்கள். போனில் நாளொன்றுக்கு இவ்வளவு என்று டேட்டா போட்டு ஹாட்ஸ்பாட் வைத்து வேலை பார்க்கும் வீட்டில் அந்த வரியைப் படிப்பது ஒரு பழக்கமாகவே ஆகவேண்டும். ‘ஆப்ட் இன்ஸ்டால்’ என்பதோடு சிறுகோடு எஸ் சேர்த்தால் நிறுவாமல் என்ன நடக்கும் என்று மட்டும் காட்டும், வேண்டுமானால் அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

சி மொழியில் எழுத விரும்புகிறவர்கள் பில்ட்-எசென்ஷியல், லிப்ஜிடிகே-3-டெவ் இரண்டையும் போடவேண்டும். இதற்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். ஜிடிகே சார்ந்திருக்கும் பாங்கோ, கெய்ரோ, ஜிலிப் என்று ஒவ்வொரு நூலகத்தின் டெவ் பொதியும் கூடவே வரும். நிறுவியபின் ‘பிகேஜி-கான்ஃபிக்’ நிரலிடம் ஜிடிகே+-3.0 எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 3.24 என்று தொடங்கி ஓர் எண் வந்தால் தலைப்புக் கோப்புகள் சரியான இடத்தில் இருக்கின்றன. கம்பைல் செய்யும்போது எந்தக் கோப்புறையில் தேட வேண்டும், எந்த நூலகத்தோடு இணைக்க வேண்டும் என்பதையும் அதே நிரல் சொல்லும். அதை ஜிசிசி கட்டளைக்குள் பின்சாய்வு மேற்கோளில் வைத்துவிட வேண்டும். ‘ஜிடிகே.ஹெச் என்ற கோப்பு இல்லை’ என்று வரும் பிழைக்குக் காரணம் இரண்டில் ஒன்று: டெவ் பொதி இல்லை, அல்லது பிகேஜி-கான்ஃபிக் சொன்னதைக் கட்டளையில் சேர்க்கவில்லை.

பைத்தான் பக்கம் ஒரு பொறி இருக்கிறது, எச்சரித்துவிடுகிறேன். இணையத்தில் தேடினால் ‘பிப் இன்ஸ்டால் பைஜிஆப்ஜெக்ட்’ என்று பலர் எழுதியிருப்பார்கள். பைத்தான்3-ஜிஐ பொதியில் இருப்பதும் அதே பைஜிஆப்ஜெக்ட்தான். டெபியன் 12-இல் அதைத் தட்டினால் ‘இந்தப் பைத்தான் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது’ என்று சொல்லி நின்றுவிடும். அந்தத் தடையை உடைக்கும் கொடியையும் யாராவது சொல்லித் தருவார்கள், உடைக்காதீர்கள். அது உங்கள் மேசையையே இயக்கிக்கொண்டிருக்கும் பைத்தான். தனிச் சூழல் உருவாக்கி அதனுள் பிப் போட்டாலும், பைஜிஆப்ஜெக்ட் உங்கள் கணினியில் கம்பைல் ஆகவேண்டியிருக்கும்; கெய்ரோ இல்லை, ஜிஐரிபாசிட்டரி இல்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். இத்தனை பாடு வேண்டியதே இல்லை. ஆப்ட் வழியாகப் போட்டுவிட்டு, தனிச் சூழல் வேண்டுமென்றால் அதை உருவாக்கும்போது ‘சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும். கணினியில் இருக்கும் ஜிஐ உள்ளேயும் தெரியும்.

3 எதற்கு, 4 வந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு: வந்துவிட்டது, 2020 டிசம்பரில். டெபியன் 12-இலும் 4.8 கிடைக்கிறது. புதிய கணினி வைத்திருப்பவர்கள் ஜிஐஆர்1.2-ஜிடிகே-4.0 என்று போட்டு நேராக அங்கே தொடங்குவதே நல்லது. ஜிடிகே 4 திரையை வரைய வரைகலைச் சில்லை அதிகமாக நம்புகிறது. 2012 காலத்துச் சில்லில் அது தடுமாறினால் ஜிஎஸ்கே_ரெண்டரர் என்ற சூழல் மாறிக்குக் கெய்ரோ என்று மதிப்பு கொடுத்து ஓட்டிப் பார்க்கலாம். நாங்கள் 3-இலேயே தொடங்கினோம், இறக்க வேண்டியது மிகக் குறைவு என்பதால். நாளைக்கு 4-க்குப் போவது சுலபமாக இருக்க, முதல் நாளிலிருந்தே ஜிடிகே.அப்ளிகேஷன் என்ற வகுப்பை வைத்து எழுதச் சொன்னேன். பழைய பாடங்களில் வரும் ஜிடிகே.மெயின் 4-இல் கிடையாது.

இப்போது டேட்டா பற்றி. ஒலக்கூர் எழும்பூர்–விழுப்புரம் ரயில் பாதையில் ஒரு சிறிய ஸ்டேஷன், ஜிஎஸ்டி சாலையும் பக்கம்தான். டவர் இருக்கிறது. உள்ளே தள்ளிப் போகும் கிராமங்களில் மாலையில் வேகம் படுத்துவிடும். ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒருமுறை அதே பொதியை இறக்கினால் யாருக்கும் முடியாது. டெபியன்காரர்கள் இதை முன்பே யோசித்திருக்கிறார்கள்.

ஆப்ட்-ஆஃப்லைன் என்று ஒரு கருவி. ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் என்ற இந்திய டெபியன் உருவாக்குநர் எழுதியது. இணையம் இல்லாத கணினியில் ‘எனக்கு இன்னின்ன பொதி வேண்டும்’ என்று சொன்னால், அதற்கும் அதன் சார்புகளுக்கும் சேர்த்து ஒரு சிறிய சீட்டுக் கோப்பு எழுதித் தரும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, இணையம் நன்றாக இருக்கும் எந்தக் கணினிக்கும் எடுத்துப் போகலாம். அது பைத்தானில் எழுதப்பட்ட கருவி என்பதால் அந்தக் கணினி விண்டோஸாகக்கூட இருக்கலாம். அங்கே எல்லாம் இறங்கிக் கட்டாகும். திரும்ப வந்து இன்ஸ்டால் சொன்னால் தீர்ந்தது. திண்டிவனத்தில் கல்லூரிக்குப் போய்வரும் பிள்ளை காலையில் சீட்டை எடுத்துப் போய் மாலையில் பொதிகளோடு வந்துவிடலாம்.

நாலைந்து கணினி ஒரே இடத்தில் இருந்தால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி இன்னும் நல்லது. ஒரு கணினியில் அதை நிறுவி, மற்றவை அதன் 3142 துறை வழியாக ஆப்ட் போகும்படி ஒரு வரி எழுதிவைத்தால், முதலாமவர் இறக்கியது அங்கேயே தங்கிவிடும். இரண்டாமவருக்கு அது வீட்டுக்குள்ளிருந்தே வரும், டேட்டா செலவில்லை. கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வகுப்பு எடுக்க நினைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இப்படியான வகுப்புகளைத் தொடர்ந்து நடத்தி வருகிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதித் தந்துகொண்டிருக்கிறது. நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு வழிகாட்ட ஆளில்லை என்று இனிச் சொல்லமுடியாது. பக்கத்திலேயே இருக்கிறார்கள், போய்க் கேட்க வேண்டும்.

விண்டோஸிலேயே இருந்துகொண்டு ஜிடிகே வேண்டுமென்பவர்கள் எம்சிஸ்2 என்ற தொகுப்பை நிறுவி, அதற்குள் பேக்மேன் என்ற பொதி மேலாளர் வழியாக ஜிடிகே, பைத்தான் பொதிகளைப் போடவேண்டும். நடக்கும். ஆனால் எம்சிஸ்2-இன் பைத்தான் வேறு, நீங்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் பைத்தான் வேறு என்பதை மறக்கக்கூடாது. ஆப்பிள் கணினியில் ஹோம்ப்ரூ வழி இருக்கிறது. இரண்டையும்விட டெபியன் வழிதான் நேரானது.

நிறுவியபின் முதலில் செய்யச் சொன்னது ஜிடிகே-3-எக்சாம்பிள்ஸ் என்ற பொதியைப் போட்டு ஜிடிகே3-டெமோ என்ற நிரலைத் திறப்பது. பொத்தான், பட்டியல், அட்டவணை, நாட்காட்டி, ஒவ்வொன்றும் ஓடிக் காட்டும், பக்கத்திலேயே அதன் மூல நிரலும் இருக்கும். இணையம் தேவையில்லை. இதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குத் தெரியாது. நிரல் சி-யில் இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பைத்தானில் பெயர்கள் கிட்டத்தட்ட அதேதான்.

பிறகு அப்பாவின் பெட்டியைப் புதிதாக எழுதினாள். ஜிடிகே.கிரிட் ஒன்றை விரித்து, இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் நிரப்பும் இடங்கள். ‘பெயர்’, ‘எடை’, ‘மொத்தம்’ மூன்றும் அச்சடித்தது போல நின்றன. கூடுதலாக ஒரு வரிகூட எழுத வேண்டியிருக்கவில்லை. இன்னும் அழகாக வேண்டுமென்றால் ஃபாண்ட்ஸ்-லோஹித்-டாம்ல் என்றோ ஃபாண்ட்ஸ்-மீரா-டாம்ல் என்றோ எழுத்துருப் பொதி போட்டுக்கொள்ளலாம். இப்போது எழுத்துருவை மாற்றினால் பலன் உண்டு, அடுக்குகிறவன் வேலையைச் செய்கிறான்.

தமிழில் ஜன்னல் எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில, ஆங்கிலப் பாடங்களில் இருக்காது. அகலத்தையும் உயரத்தையும் எண்ணாக எழுதி வைக்காதீர்கள். நம் சொற்கள் நீளமானவை; ‘சேமி’ என்பது பொத்தானுக்குள் அடங்கும், ‘கணக்கைச் சேர்’ அடங்காது. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்கும், உயரத்தை இறுக்கினால் அடி வெட்டுப்படும். கிரிட் தானே அளந்துகொள்ளும், அதை அளக்க விடுங்கள். எழுத்தின் அளவை சிஎஸ்எஸ்ஸில் ஒரே இடத்தில் வைத்தால் நாளைக்கு அண்ணன் ‘கண்ணுக்குத் தெரியல’ என்றால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

மூட்டை எடை இன்னொரு விஷயம். எங்கள் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ கணக்கு, மல்லாட்டைப் பருப்பு 80, உளுந்து 100. விளைபொருளைத் தேர்ந்தெடுத்தவுடன் அதற்குரிய எடை தானே வந்து உட்கார வேண்டும், ஆனால் மாற்றவும் முடிய வேண்டும், ஏனென்றால் வரும் மூட்டையெல்லாம் கணக்குப்படியா வருகிறது? அதற்கு எண்ணை ஏற்றி இறக்கும் ஸ்பின்பட்டன் பொருத்தம். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டிஎம்வி மல்லாட்டை ரகங்கள் எங்கள் மண்ணில் பெயர் சொல்லியே விற்கும். அவற்றுள் டிஎம்வி 2 என்பது 1940-இல் வந்த ரகம். அதனால் ரகத்துக்கும் ஒரு இடம் வைக்கச் சொன்னார் அண்ணன். அது நல்ல யோசனை. நிரல் எழுதுகிறவர் யோசித்திருக்க மாட்டார்.

மொத்தத் தொகையில் இன்னொரு கவனிப்பு. பைத்தானில் சும்மா காற்புள்ளி போடச் சொன்னால் ஒன்றேகால் லட்சத்தை 125,000 என்று எழுதும். இந்திய லொகேலை வைத்துப் பணத்தொகையாக எழுதச் சொன்னால் 1,25,000 என்று வரும். அண்ணன் கண் அதைத்தான் தேடும்.

ஊர்ப் பெயரைத் தட்டுவதற்குத் தமிழ்99 விசைப்பலகை. ஐபஸ்-எம்17என் பொதியைப் போட்டால் கிடைக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் விளைவாக வந்த விசையமைப்பு, நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லித் தருகிறேன், ஒரு வாரத்தில் கை பழகிவிடும். அண்ணனை அந்த வயதில் விசைப்பலகை படிக்கச் சொல்ல முடியாது. அதனால் என்ட்ரிகம்ப்ளீஷன் வைத்தாள். ‘தா’ என்று தொடங்கினால் குந்தவை எழுப்பிய கோயில்கள் இருக்கும் தாதாபுரம் கீழே வந்து நிற்கும், தொட்டால் போதும். ஒருங்குறி நாம் சொல்லும் வரிசையிலேயே சேமிப்பதால் இந்த முன்னொட்டுத் தேடல் தமிழில் இயல்பாக வேலை செய்கிறது. கொம்பை முதலில் சேமித்த பழைய குறியாக்கத்தில் இதற்கே தனி நிரல் எழுதியிருக்க வேண்டும்.

இனி ரசீது. அண்ணன் ஒரு சிறிய தெர்மல் பிரிண்டர் வாங்கி வைத்திருக்கிறார். அந்த வகை அச்சுப்பொறிகளுக்குள் இருக்கும் எழுத்துகளில் தமிழ் பெரும்பாலும் கிடையாது, உரையாக அனுப்பினால் கேள்விக்குறிகள்தான் வரும். வழி இருக்கிறது: பாங்கோவிடம் ரசீதை அடுக்கச் சொல்லி, கெய்ரோவில் ஒரு படமாக வரைந்து, படத்தை அச்சுப்பொறிக்கு அனுப்ப வேண்டும். ஜன்னலில் தமிழை எழுதிய அதே இரண்டு நூலகங்கள், ஜிடிகேவோடு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவை. படத்தின் அகலத்தை அச்சுத் தாளின் புள்ளி அகலத்துக்குச் சரியாக வைப்பதுதான் மீதி வேலை. “58 மில்லிமீட்டர் தாள் அத்தை, அகலம் எத்தனை புள்ளின்னு பிரிண்டர் புக்குல தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள் நேற்று. கிடைத்ததும் நிரலை முழுவதுமாகக் கட்டற்ற உரிமத்தில் வெளியிடச் சொல்லியிருக்கிறேன். தாதாபுரத்திலோ மயிலத்திலோ இன்னொரு வியாபாரி வீட்டுப் பிள்ளை அதை எடுத்து, தன் அப்பாவின் மூட்டைக் கணக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.